ஏணியைப் பிடித்தவன்

மார்ச் 16, சனி

இன்று காலேஜ் கோயிலில் சிலுவைகளை மூடினேன். பெரிய வெள்ளிக்கு இரண்டு வாரம் முன்னால் எல்லாச் சிலுவையையும் ஊதாத் துணியால் மூடுவது பழைய வழக்கம். பெரிய வெள்ளி அன்று பூசைச் சாமியார்தான் திறப்பார். எங்கள் கடற்கரை ஊரில் அதை எப்போதோ விட்டுவிட்டார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. எங்கள் இன்னாசி சாமி மட்டும் விடமாட்டார். துணி தைத்தது, கரை மடித்தது, இஸ்திரி போட்டது எல்லாம் நான். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள்தான், ஆனால் பீடத்துணியில் ஒரு சுருக்கம் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கோயிலை ஒட்டி ஒரு கூடம் உண்டு. போன வருஷம் சாமி அதைப் பொது வழிபாட்டுக் கூடம் ஆக்கினார். காலையில் இந்துப் பெண்பிள்ளைகள் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். மத்தியானம் முஸ்லிம் பையன்கள் பாய் விரிப்பார்கள். சாயங்காலம் பரீட்சைக்குப் பயந்தவர்கள் எல்லா மதத்திலும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கிழக்குச் சுவரில் பழைய மரச்சிலுவை. கழற்றிவிடலாமா என்று சாமி கேட்டதற்கு மசூதுதான், "வேண்டாம் ஃபாதர், நாங்க மேக்கே பாத்துத்தான தொழுவோம். அது பாட்டுக்கு எங்களுக்குப் பின்னால இருக்கட்டும்" என்றானாம். மசூது மேலப்பாளையத்துப் பிள்ளை, மூன்றாம் வருஷம். முஸ்லிம் பையன்களுக்கு அவன்தான் தலைவன் மாதிரி.

எனக்கு அந்தக் கூடம் பிடித்ததில்லை. சொல்வதற்கு என்ன பயம்? கூட்டித் துடைக்கிறவள் நான்.

பேரன் ரெக்சன் ஏணியைப் பிடித்தான். என் மகன் பம்பாயில் இருக்கிறான். பிள்ளையை என்னிடம் விட்டிருக்கிறான். எங்கள் குடும்பத்தில் முதல் காலேஜ் பிள்ளை. கூடத்துச் சிலுவையில் முடிச்சுப் போடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன்: "மொதல்ல பாய் விரிக்க எடம் கேட்டாவ. இப்பிடியே வுட்டா ஒரு நாள் சிலுவையவே மூடச் சொல்லுவாவ."

ரெக்சன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஏணி ஆடியது.

அப்புறம் போனில் என்னைப் படம் எடுத்தான். "இப்பம் தள்ளு ஆச்சி, துணிய மட்டும் எடுக்கேன்" என்றான். தள்ளி நின்றேன்.

மசூது குழாயடியிலிருந்து வாளித் தண்ணீரோடு வந்தான். ரம்ஜான் நோன்பு வைத்திருக்கிறான், உதடு வெடித்திருக்கிறது, ஆனாலும் முழங்கால் போட்டுத் தரையைத் துடைத்தான். "பாத்தியால?" என்றேன் ரெக்சனிடம். "தண்ணி பல்லுல படாமக் கெடந்து வேல செய்யுதான். நீ வயிறு முட்டத் தின்னுட்டு ஏணி புடிக்க ஆடுத."

"வுடுங்க ஆச்சி, அவன் புடிச்சதுனாலதான் நீங்க வுழல" என்றான் மசூது, தலை தூக்காமல். ரெக்சன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். போகிற போக்கில் ஏணி நுனி வாளியில் இடித்துத் தண்ணீர் கொட்டியது. மசூது மறுபடியும் துடைத்தான்.

மார்ச் 18, திங்கள்

கபடி டீமுக்கு மசூதைக் கேப்டனாகப் போட்டுவிட்டார்களாம். ரெக்சன் உதடு கிழிந்து வந்தான். சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தான். எவர்சில்வர் தட்டு, நெளிந்துவிட்டது.

"அந்தத் துலுக்கப் பயலுக்குப் பேரீச்சம்பழம் எடுத்து வைப்ப. எனக்குத் தட்டு வைக்கும்போது வசவும் சேத்து வைப்ப. அவனையே பேரனா வச்சுக்கோ!"

"வச்சுக்கிட்டா என்னல? சொன்ன சொல்லுக் கேக்கான்."

உதட்டில் அடி வாங்கியவனுக்கு விரல் முட்டி எதற்கு உரிந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளைகள் என்றால் இருக்கும்.

நோன்பு திறக்கிற நேரம் மசூது வழக்கம்போல் பழத்துக்கு வந்தான். இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. "பந்து பட்டுட்டு ஆச்சி" என்றான். கபடிக்கு ஏது பந்து?

மார்ச் 20, புதன்

சாளை வாங்கப் போனேன். மீன்காரி ஜெபமணி எங்கள் ஊர்க்காரி. என்னைப் பார்த்ததும் அரிவாள்மணையை விட்டு எழுந்துவிட்டாள்.

"யக்கா, ஒங்க காலேஜுல சிலுவைய மூடிப்புட்டாவளாமே! துலுக்கமாரு சொல்லி, சாமியாரும் சரின்னுட்டாராம்லா!"

"அட கிறுக்கி, மூடினது நான்டி! தவக்காலத்துக்கு மூடுதது."

"சும்மா அவுகளுக்கு வக்காலத்து வாங்காதிய. இந்தா, படமே வந்திருக்கு."

அவள் மகள் போனைக் காட்டினாள். கூடத்துச் சிலுவைதான். ஊதாத் துணி. கீழே சுருட்டி வைத்த பாய்கள். படத்துக்கு அடியில் எழுத்து. அந்தப் பிள்ளை சத்தமாக வாசித்தாள்: "முதலில் பாய் விரிக்க இடம் கேட்டார்கள். இன்று சிலுவையையே மூடச் சொல்லிவிட்டார்கள். மானமுள்ளவன் பகிரு."

படத்தின் ஓரத்தில் ஏணிக் கால் ஒன்றும், ஒரு பச்சைச் சேலையின் முந்தி கொஞ்சமும் தெரிந்தது.

சாளையை வாங்காமலே வந்துவிட்டேன். விலை கூடுதல்.

மார்ச் 21, வியாழன்

சாமி கேட்டில் ஒரு தாள் ஒட்டினார். இது தவக்கால வழக்கம், யாரும் கேட்டுச் செய்ததில்லை என்று விவரமாக எழுதியிருந்தார். படித்தவர் எழுதியது, நீளம். ஒருவரும் நின்று வாசிக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார். "சவேரியம்மா, அந்தப் படம் கூடத்துக்கு உள்ள நின்னு எடுத்தது. சாவி உங்ககிட்டயும் வாட்ச்மேன் இசக்கிகிட்டயும்தான் இருக்கு. நீங்க துணி கட்டும்போது கூட யாரு இருந்தா?"

நான் மட்டும்தான் என்றேன். சுவரில் சாய்த்துவிட்டால் ஏணியில் ஒரு ஆளே ஏறலாம்.

வீட்டில் ரெக்சன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் மசூது பேரீச்சம்பழத்துக்கு வந்தான். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல ஆச்சி. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கூட்டம் வரும். கூடத்தைக் கொஞ்சம் சீக்கிரம் தொறந்துருங்க."

இன்னும் ஏதோ கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

தலையில் கட்டோடு எழுதுகிறேன். கோணல் எழுத்துக்கு நான் பொறுப்பில்லை.

மத்தியானம் கோயில் உள்ளறையில் குருத்தோலை ஞாயிற்றுக்கான பீடத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் பையன்கள் தொழ நின்றுவிட்டார்கள். கேட் பக்கம் வண்டிச் சத்தம். மீன் ஏற்றுகிற லோடு வண்டிகள், மூன்றோ நாலோ. எங்கள் ஊர் வண்டிகள். ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக வந்து நின்றன. குதித்தவர்கள் கையில் துடுப்புக் கட்டை, கம்பி.

இசக்கி கேட்டைச் சாத்தினான். கம்பியால் அவன் கையில் போட்டார்கள். கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த மட்டையை ஒடித்த மாதிரி.

கூடத்துக் கதவு வழியாகப் பார்த்தேன். முதலில் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. தொழுகிறவர்கள் மேற்கே பார்த்து நின்றதால் வந்தவர்களை அவர்கள் பார்க்கவே இல்லை. முதுகில் விழுந்தது அடி. ஒரு சின்னப் பையன் குனிந்தபடியே விழுந்தான், எழவில்லை. பாய்களை இழுத்து எறிந்தார்கள். இந்துப் பிள்ளைகளின் குத்துவிளக்கை ஒருவன் தலைகீழாகப் பிடித்தான்.

"எவம்ல மசூது? எவம்ல சிலுவைய மூடச் சொன்னவன்?"

"நான்தான் மசூது. மூடச் சொல்லல" என்றான் அவன். விழுந்து கிடந்த பையன் மேல் குனிந்து நின்றான். விளக்கின் அடித்தட்டு அவன் முகத்தில் இறங்கியது. இடது கண். அவன் கத்தவில்லை. கையால் பொத்தினான், விரல் இடுக்கில் கறுப்பாக வந்தது. மறுபடியும் ஓங்கினார்கள்.

நான் இஸ்திரிப் பெட்டியோடுதான் ஓடினேன். கரிப் பெட்டி, உள்ளே கங்கு இருந்தது. விளக்கைப் பிடித்தவன் யார் என்று அப்போதுதான் பார்த்தேன். செல்வின். என் ஒன்றுவிட்ட தங்கச்சி மகன். அவன் ஞானஸ்நானத்தில் அவனைத் தூக்கிப் பிடித்தது இந்தக் கைகள்.

"பெரியம்மா, ஒதுங்குங்க. ஒங்க சிலுவைக்காகத்தான் வந்திருக்கோம்!"

அவன் கையில் பெட்டியை வைத்து அழுத்தினேன். தோல் பெட்டியோடு வந்தது. விளக்கு கீழே விழுந்தது. அவன் அலறியது வெளியே ரோடு வரை கேட்டிருக்கும். இன்னொருவன் என்னைச் சுவரில் தள்ளினான். தலை மோதியது. கீழே கிடந்து பார்த்தபோது, ஒருவன் துணியை இழுத்துச் சிலுவையை "விடுதலை" செய்கிறான். முடிச்சு என்னுடையது, அவிழாது. சிலுவையே பெயர்ந்து வந்து தரையில் விழுந்தது. ஒரு கை ஒடிந்துபோயிற்று. துணி ஒடியாத பக்கம் அப்படியே இருந்தது. அதைக் கண்டு எல்லாரும் ஓங்கிய கட்டையை இறக்கினார்கள். பிறகு ஓடிவிட்டார்கள்.

வெளியே சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஒருவன் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. அந்த மாதிரிச் சட்டை நிறையப் பேரிடம் இருக்கும்.

போலீஸ் கேட்டதற்கு, ரெக்சன் இன்று முழுக்க வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருந்தான் என்று சொன்னேன்.

மார்ச் 23, சனி

பெரியாஸ்பத்திரி. மசூதுக்கு இடது கண் போய்விட்டது. தாடையும் உடைந்திருக்கிறது, கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. அந்தச் சின்னப் பையனுக்கு முதுகெலும்பு. நடப்பானா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

மசூதின் அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என் நெற்றிக் கட்டைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா அந்த ஆச்சி? எம்புள்ள நோம்பு தொறக்க தெனமும் பழம் எடுத்து வைப்பியளாமே. அவனுக்காவ அடியும் பட்டிருக்கிய. அல்லா ஒங்க புள்ள குட்டிகள நல்லா வைக்கணும்."

கையை விடமாட்டேன் என்கிறாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலை வலி. இசக்கியை, முறிந்த கையோடு, போலீஸ் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் சாவியைக் கொடுத்துத்தான் யாரோ உள்ளே போய்ப் படம் எடுத்திருக்க வேண்டுமாம்.

மார்ச் 25, திங்கள்

இசக்கியின் பெண்டாட்டி பேச்சி வந்தாள். ஸ்டேஷனில் அவனைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

"பெரியம்மா, கட்டுப் போட்ட கையவே முறுக்குதாவ. யாருக்குச் சாவி குடுத்தன்னு கேட்டு முறுக்குதாவ. அந்த மனுசன் மூத்திரத்துல கெடக்கான். ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா? சும்மா ஒரு பேரு, சந்தேகம்னாக்கூடச் சொல்லுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"நாங்க இசக்கியம்மனுக்குப் படைக்கவங்க. சிலுவையப் படம் புடிச்சு எங்களுக்கு என்ன கெடைக்கும்? சொல்லுங்க!"

கஞ்சி குடித்துவிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். வாசலில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். "படம் புடிச்சவன் கை அழுகணும்! அவன் பெத்தவ, வளத்தவ கண்ணால அதப் பாக்கணும்!" என்று தூற்றினாள். என்னை நினைத்து இல்லை. பொதுவாகத்தான் தூற்றினாள். காற்று வீட்டுப் பக்கம் அடித்தது. மண் உள்ளே வந்து விழுந்தது. ரெக்சன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். அவன் தலைமுடியில் மண்.

அதைத் தட்டிவிட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

ரெக்சனை அடித்தேன்.

தென்னமட்டையால் ஆரம்பித்து, அது பிளந்ததும் ஏணி கட்டுகிற கயிற்றால் அடித்தேன். அவன் கையை ஓங்கவில்லை, ஓடவும் இல்லை. முதுகைக் காட்டி நின்றான்.

"எதுக்குல போட்ட? சொல்லு!"

"நம்ம ஊர்ப் பையமாரு குரூப்புலதான் அவன் பேரச் சொல்லிப் போட்டேன் ஆச்சி. அவன ரெண்டு தட்டு தட்டுவானுவன்னு நெனச்சேன். இப்பிடி வண்டி கட்டி வருவானுவன்னு மாதாவாணைக்கி நெனைக்கல."

"அவன் ஒனக்கு என்னல செஞ்சான்?"

"நீதான் தெனமும் அவனப் பாரு, அவனப் பாருன்னுவியே."

கயிறு நிற்கவில்லை.

"அந்த எழுத்து?" என்றேன். "அத எதுக்குல எழுதுன?"

அவன் திரும்பினான். உதடு கிழிந்த இடத்தில் மறுபடியும் ரத்தம். "நானாவா எழுதினேன்? ஏணி மேல நின்னு நீ சொன்னதத்தான போட்டேன்."

அடித்த இடத்துக்கு மஞ்சள் அரைத்துப் போட்டேன். போடும்போது அழுதான். சின்ன வயசில் இப்படித்தான், அடிக்கும்போது அழமாட்டான், மருந்து போடும்போது அழுவான். மகனுக்குப் போன் பண்ணி, பிள்ளைக்கு இங்கே சீதோஷ்ணம் ஒத்துவரவில்லை, பம்பாய்க்கு அனுப்புகிறேன் என்று சொன்னேன்.

மார்ச் 27, புதன்

சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்ட வேண்டியிருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டையைத் துவைத்தேன்.

மார்ச் 28, பெரிய வியாழன்

ஆட்டோவில் ரயிலுக்குப் புறப்பட்டோம். ரெக்சன் பெட்டியை மடியில் வைத்திருந்தான். ஸ்டேஷன் வழியாகத்தான் போக வேண்டும், போலீஸ் ஸ்டேஷன். இன்றைக்கு என்று சிக்னல் விழுந்தது. எதிரே மரத்தடியில் பேச்சி, தூக்குச்சட்டியோடு. உள்ளே விடவில்லை போலிருக்கிறது. சட்டியைத் திறந்து பார்க்கிறாள், மூடுகிறாள். ஈயை ஓட்டுகிறாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷச் சத்தம்தான், ஆனால் வார்த்தை இல்லை. பேச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகிவிட்டது போல.

"எறங்கு" என்றேன்.

"ஆச்சி, ரயிலு..."

"எறங்குல."

"என்னக் கொன்னுருவாவ ஆச்சி." ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்தேன். ஒரு விரலைக் கடித்தேன்கூட. நானே, என் பல்லால். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இஸ்திரி போட்ட சட்டை கிழிந்தது. ரோட்டில் எல்லாரும் பார்த்தார்கள். சவேரியம்மாள் பேரனை இழுத்துக்கொண்டு போகிறாள் என்று பார்க்கட்டும்.

"நீயும் உள்ள வருவியா?" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

"வராம? நீ எடுத்ததுக்கு நீ வா. நான் சொன்னதுக்கு நான் வாரேன்."

இன்ஸ்பெக்டரிடம் அவன் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் அறைந்துவிட்டான். நான் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "அந்த எழுத்து என் வாயில இருந்து வந்தது சார். எம்பேரையும் எழுதுங்க. சவேரியம்மாள், கணவன் பேரு..."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வீட்ல பேசுனதுக்கெல்லாம் கேஸ் போட்டா ஊர்ல ஒரு பாட்டி மிச்சமிருக்காது. போய் ஓரமா உக்காருங்கம்மா."

எழுதவே இல்லை.

இசக்கியை விட்டார்கள். பேச்சி தோளில் சாய்ந்து வந்தான். வீங்கின கை அவனுடையது மாதிரியே இல்லை. என் அருகில் வந்ததும் நின்றான். ஏதாவது சொல்வான், துப்பவாவது செய்வான் என்று நின்றேன். பேச்சிதான் பேசினாள். "மண்ணு ஒங்க வீட்டுக்குள்ளதான் வுழுந்துச்சோ பெரியம்மா?" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

ஒடிந்த சிலுவையைத்தான் சாமி திறந்தார். புதுசு வாங்கலாம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். என் முடிச்சு அவருக்கு அவிழவில்லை. நான் எழுந்து போய் அவிழ்த்தேன். என்னைப் பார்த்து எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார்கள். சொந்தப் பேரனைப் போலீஸில் கொடுத்தவள், சொந்தக்காரன் கையைச் சுட்டவள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பேரீச்சம்பழம் கொண்டு போனேன். மசூது இப்போது பல்லைத் திறக்காமல் கொஞ்சம் பேசுகிறான். அவன் அம்மா என்னைப் பார்த்தும் எழவில்லை. தெரிந்துவிட்டது. ஆனால் போகச் சொல்லவும் இல்லை.

நின்றுகொண்டே சொன்னேன். "ஏணி மேல நின்னு நான் ஒரு பேச்சுப் பேசுனேன்யா. அதத்தான் அவன்..."

"தெரியும் ஆச்சி" என்றான். "கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். தண்ணியோட."

உட்கார இடம் தேடினேன். நாற்காலி இல்லை.

"கேட்டுட்டுமால உள்ள வந்து தரையத் தொடச்ச?"

அவன் போர்வையை நெஞ்சு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"தண்ணி புடிச்சுட்டு வந்துட்டேம்லா" என்றான்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவன் அம்மா ஒரு டம்ளரில் கஞ்சியை எடுத்து, குழாய் போட்டு, பல்லிடுக்கில் வைத்தாள். நான் கொண்டுபோன பழப் பொட்டலம் என் கையிலேயே இருந்தது. கடிக்க முடியாதவனுக்கு அதைக் கொண்டு போயிருக்கிறேன்.

குடித்து முடித்ததும் மசூது தலையைத் திருப்பினான். என் பக்கம்தான் திருப்பினான். ஆனால் அது கண்ணில் கட்டுப் போட்ட பக்கம்.